தண்ணி குடிச்சாச்சு

சங்கரலிங்கம் பயந்த சுபாவம். இதை அவரே ஒத்துக்கொள்வார்; அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி சந்தனம்மாள் சொல்லி முடித்திருப்பாள். இடி இடித்தால் பயம், போலீஸ்காரர் சும்மா திரும்பிப் பார்த்தாலும் பயம், நாய் என்றால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட மனுசன் பிழைப்புக்குச் செய்த வேலை, ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வீட்டு ரகசியத்தை விசாரித்துவிட்டு வருவது. கடவுளுக்கும் சில நேரம் விளையாட்டுப் புத்தி வந்துவிடுகிறது.

ஆரம்பத்தில் அவர் ஒரு மூக்குப்பொடிக் கம்பெனிக்கு லைன் போகிற ஆள். தோளில் ஒரு காக்கிப் பை, அதில் பொடி டப்பாக்கள். தேனியில் பஸ் ஏறினால் போடி, சின்னமனூர், கோம்பை, கம்பம் என்று பெட்டிக்கடை பெட்டிக்கடையாகப் போய்விட்டு வருவார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகிற பஜார் வியாபாரிகள் இதைக் கவனித்தார்கள். "அண்ணாச்சி, அங்கனதான போறீக? அந்த மாப்பிள்ளை வீட்ட ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்களேன்" என்றார்கள். ஒரு எட்டு பத்து எட்டாகி, அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது வாக்கில் பொடி விற்பது சாக்காகவும் விசாரிப்பது தொழிலாகவும் ஆகிவிட்டது. 'விசாரிப்பு சங்கரலிங்கம்' என்றால்தான் தேனியில் ஆள் தெரியும்.

பொடிப்பையை மட்டும் அவர் விடவில்லை. ஒரு சிட்டிகை பொடி கொடுத்தால் திறக்காத வாய் கிடையாது. மாப்பிள்ளையைப் பற்றி நேராகக் கேட்கவே மாட்டார். பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிக் கேட்பார். அவனைத் திட்டுகிற சாக்கில் மாப்பிள்ளை வீட்டுக் கதை தன்னால் வந்து விழும். சலவைக்காரர், முடிதிருத்துகிறவர், கடைசி பஸ் கண்டக்டர் என்று மூன்று பேர் வாயில் ஒரே சேதி வந்தால்தான் அதை நம்புவார். கொடியில் காய்கிற துணியைப் பார்த்தே வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டுவிடுவார். குச்சனூரில் ஒரு குடும்பம் சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வந்தது. கலியாணத்துக்குப் பார்த்த பையன் மட்டும் ஒரு வாரம்கூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று பூக்காரியிடம் பேச்சுக்கொடுத்ததில் பையன் மதுரை ஜெயிலில் இருப்பது தெரிந்தது.

ஆனால் எத்தனை பேர் என்ன சொன்னாலும் ஒரு வேலை பாக்கி இருக்கும். அந்த வீட்டு வாசலுக்கே போய், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்று கேட்பார். தண்ணியை யார் கொண்டுவருகிறார்கள், உள்ளே யாரைக் கூப்பிட்டு எடுத்துவரச் சொல்கிறார்கள், செம்பை எப்படி நீட்டுகிறார்கள் என்பதில் அந்தக் குடும்பம் முழுசும் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. அதனால் பெண்ணைப் பெற்றவர்கள் அவரிடம் கடைசியாக ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்.

"தண்ணி குடிச்சீகளா அண்ணாச்சி?"

"குடிச்சாச்சு" என்று அவர் சொல்லிவிட்டால் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிடலாம். அவர் மதுக்கடைக்குப் போய் வந்ததைத்தான் இப்படி விசாரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்ட வெளியூர்க்காரர்களும் உண்டு.

வெளியே பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையான தொழில். சங்கரலிங்கத்துக்கோ ஒவ்வொரு விசாரிப்புக்கும் முதல் நாள் தூக்கம் கிடையாது. யாராவது அடையாளம் கண்டுகொண்டால் என்ன செய்வது, மரத்தில் கட்டிவைத்து உதைத்தால் என்ன செய்வது என்று ராத்திரியெல்லாம் புரளுவார். கோம்பையில் ஒரு வீட்டில் தண்ணி கேட்கப் போய் அந்த ஊர் நாய் ஒன்று கெண்டைக்காலைக் கவ்வியதில் சதை போன தழும்பு அப்படியே இருந்தது. கோம்பை நாயின் செவலை நிறமும் கறுத்த வாயும் கனவில்கூட வரும். அன்றிலிருந்து தெருநாய் குரைத்தாலும் அவர் கை தானாகத் தழும்பைத் தடவும்.

எழுபத்து நாலாம் வருசம் ஆவணி மாதம், தேனி பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த ஞானசிகாமணி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கிறிஸ்தவரான ஞானசிகாமணிக்கு ஒரே மகள், ஞானசெல்வி. முப்பது தாண்டிவிட்டது. தாய் படுக்கையில் கிடந்த வருசங்களெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டதில் அந்தப் பெண்ணுக்குக் கலியாண வயது கடந்து போயிருந்தது. தாய் போன பிறகு இப்போது ஒரு வரன் வந்திருந்தது. பெயர் பொன்னுராஜ். போடிமெட்டைத் தாண்டி மலையாளச் சீமையில் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். முதல் மனைவி மஞ்சள்காமாலையில் இறந்துவிட்டாள், பத்து வயதில் ஞானபாக்கியம் என்று ஒரு மகள், தாயில்லாத பிள்ளைக்காகவே இன்னொரு கலியாணம் என்று அவர் சொல்லியிருந்தார். முதல் மனைவியை மலையில் அடக்கம் பண்ணியதற்கு எந்தச் சபையில் போய்ச் சாவுச் சீட்டு வாங்குவது என்று அவர் கைவிரித்தபோது யாரும் மறுத்துப் பேசவில்லை.

"கண்ணாலப் பாத்துட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி. ஒத்தப் பிள்ளை" என்றார் ஞானசிகாமணி.

சங்கரலிங்கம் போனார். மெட்டுக்கு மேலே பனிமூட்டம் சாலையை மறைத்துக்கொண்டு கிடந்தது. தோட்டத்துக்கு ஏறுகிற பாதை முக்கில் ஒரு மலையாளத்தார் டீக்கடை. பொடி டப்பாவை நீட்டி, மேலே சூப்பர்வைசர் வீட்டில் பொடி போடுகிற பெரியவர்கள் யாராவது உண்டா, ஏறிப் போனால் யாவாரம் ஆகுமா என்று கேட்டார்.

"அவிடெ அயாளும் அயாளுடெ பெண்ணும் மாத்ரமே உள்ளு" என்றார் டீக்கடைக்காரர்.

சங்கரலிங்கத்துக்குச் சந்தை மலையாளம் அத்துபடி. வேண்டா, மதி, நாளெ வராம் என்று நன்றாகவே பேசுவார். அவரும் அவருடைய பொண்ணும் மட்டும் இருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டார். மாப்பிள்ளை சொன்னதும் அதுதான். சரியாகப் போயிற்று, இனித் தண்ணி குடிக்க வேண்டியதுதான் பாக்கி என்று பாதையில் ஏறினார்.

வீட்டுக்கு முன்னால் மூங்கில் கேட். கேட்டுக்கு இந்தப் பக்கம், கட்டாமல், ஒரு கோம்பை நாய் நின்றது. செவலை உடம்பு, கறுத்த வாய். அது குரைக்கவில்லை. உதட்டை மட்டும் தூக்கிக் காட்டியது. சங்கரலிங்கம் கண்ணை நாயிடமிருந்து எடுக்கவில்லை. ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து, வளைவு திரும்பியதும் ஓட்டமாக இறங்கி, டீக்கடையில் ஒரு கிளாஸ் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

"தண்ணி குடிச்சீகளா அண்ணாச்சி?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

"குடிச்சாச்சு. அவரும் மகளுந்தான் அங்கன. வேற ஆளில்ல."

டீக்கடையில் குடித்ததும் தண்ணிதானே என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார். அத்தனை வருசத் தொழிலில் அவர் சொன்ன முதல் பொய் அது.

வேதக்கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று சபைக் குருவான ஐயர் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். மூன்று ஓலையும் தடையில்லாமல் முடிந்தால்தான் கலியாணம். முதல் ஓலை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாம் ஓலைக்கு முந்தின வெள்ளிக்கிழமை கம்பம் பஸ் ஸ்டாண்டில் சங்கரலிங்கம் நின்றுகொண்டிருந்தபோது, குமுளிப் பக்கத்து ஜீப் டிரைவர் பையன் ஒருவன், மீசைகூடச் சரியாக முளைக்காதவன், எல்லார் கையிலும் மிட்டாய் கொடுத்துக்கொண்டு வந்தான்.

"என்டெ பெண்ணு பிரசவிச்சு! ஆண்குட்டியா!"

"ஏலே, ஒனக்கு அம்புட்டுப் பெரிய மகளா?" என்று சிரித்தார் சங்கரலிங்கம்.

பக்கத்திலிருந்த கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணாச்சி, அவுக பேச்சுல பெண்ணுன்னா பொண்டாட்டி. மகள மோளுன்னுல்ல சொல்லுவாக."

மிட்டாய் வாயிலேயே நின்றது. சங்கரலிங்கம் அப்படியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அயாளும் அயாளுடெ பெண்ணும். ஒருவேளை டீக்கடைக்காரர் பெண்பிள்ளை என்ற அர்த்தத்தில்கூடச் சொல்லியிருக்கலாமே என்று ஒரு நப்பாசை. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியில் அந்த நாய் நின்றது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினார். மாப்பிள்ளை கலியாணத் துணி எடுக்க அன்றைக்குத் தேனிக்கு வருகிறார் என்று கடைப்பையன்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தார், அந்தத் தைரியம்தான். பாதை முழுக்க முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே ஏறினார். நாய் அதே இடத்தில் நின்றது, அதே மாதிரி உதட்டைத் தூக்கியது. இந்தத் தடவை சங்கரலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு, "வீட்ல யாரு... குடிக்கக் கொஞ்சம் வெள்ளம்..." என்று கத்தினார்.

"ஆரா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். நாற்பதுக்குள் இருக்கும். நாயை ஒரு அதட்டு அதட்டி, கழுத்துவாரைப் பிடித்து இழுத்துக் கட்டினாள். உள்ளே போய் அவளே செம்பில் தண்ணி கொண்டுவந்தாள். வெறும் தண்ணி என்று நினைத்தால், மலைக்குளிருக்குச் சீரகம் போட்டு வெதுவெதுப்பாகக் காய்ச்சியது. குனிந்து நீட்டியபோது கழுத்தில் சின்ன இலை மாதிரித் தாலி, அதில் சிலுவை. அவள் பெயர் ஏலியாம்மா. சார் எஸ்டேட் காரியமாகக் கீழே போயிருக்கிறார், திங்கட்கிழமை வருவார் என்று அவளே சொன்னாள்.

சங்கரலிங்கம் கொடியைப் பார்த்தார். ஆண் துணி, பெண் துணி. பத்து வயதுப் பிள்ளை போடுகிற துணி ஒன்றுகூட இல்லை.

"மோள் எவிடெ?" என்று கேட்டார்.

அவள் முகம் சுருங்கியது. "எனிக்கு மக்களில்லா" என்றாள். கர்த்தர் தரவில்லை என்பதைக் கையை மேலே காட்டிச் சொன்னாள்.

சங்கரலிங்கம் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் முழுசும் புரிந்தது. மலையில் யாரைக் கேட்டாலும் 'அயாளுடெ பெண்ணு' என்றுதான் சொல்வார்கள். கீழேயிருந்து விசாரிக்க வருகிறவனுக்கு அது மகள் என்றுதான் காதில் விழும். அந்த ஒரு சொல்லுக்காகவே பொன்னுராஜ் இல்லாத மகளைப் பெற்று, பெயர் வைத்து, பத்து வயது வரை வளர்த்திருந்தான். இனிமேல் அவனுக்கு என்ன 'அவர்' வேண்டிக்கிடக்கிறது?

விடுவிடுவென்று இறங்கினார். பாதை வளைவில், பனிமூட்டத்துக்குள், ஒரு பாறைமேல் பொன்னுராஜ் உட்கார்ந்திருந்தான்.

துணி எடுக்கப் போனவன் பாதியிலேயே திரும்பியிருந்தான். பொடிக்காரர் மறுபடி வந்திருக்கிறார் என்று டீக்கடைக்காரர் வெள்ளந்தியாகச் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சிரித்த முகம். வாயில் விரலை வைத்து ஒரு சீட்டி அடித்தான். மேலே கட்டியிருந்த நாய் எப்படி அவிழ்த்துக்கொண்டதோ, தடதடவென்று ஓடிவந்து சங்கரலிங்கத்துக்குப் பின்னால் நின்றது.

"தண்ணி குடிச்சீகளா அண்ணாச்சி?" என்று கேட்டான் பொன்னுராஜ்.

தன் தொழில் வார்த்தை அவன் வாயில் வந்ததும் சங்கரலிங்கம் பொடிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பஸ்ஸு வர நேரமாகும். வாங்க, ஜீப்புல எறக்கி விடுறேன்."

கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன்சீட்டில் உட்காரவைத்தான். நாய் பின்னால் ஏறியது. அதன் மூச்சு பிடரியில் சூடாகப் பட்டுக்கொண்டே இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பொன்னுராஜ் பிரேக்கே போடாமல் திருப்பினான். ஒவ்வொரு திருப்பத்திலும் சங்கரலிங்கத்தின் பக்கத்துச் சக்கரம் விளிம்பை ஒட்டிப் போயிற்று. கீழே மேகம் மட்டும்தான் தெரிந்தது. அவன் மெல்லிய குரலில் ஒரு கீர்த்தனையைப் பாடிக்கொண்டே வந்தான். நல்ல குரல்தான், அதில் குறை சொல்ல முடியாது.

"நானும் ஒங்களக் கொஞ்சம் விசாரிச்சேன்" என்றான் ஒரு வளைவில். "பெரியகுளம் ரோட்டுல வீடு. வாசல்ல முருங்க மரம். வீட்ல அக்கா பேரு சந்தனம்மாள். காலைல தண்ணிக்குக் கொழாயடிக்கு ஒத்தையிலதான் போறாக, இல்லையா?"

சங்கரலிங்கம் ஜீப்பின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அவன் வீட்டில் விடவில்லை. நேரே இரும்புக்கடை வாசலில் ஜீப்பை நிறுத்தி, நாயையும் கூடவே இறக்கி, அவர் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப்போனான். "மாமா, அண்ணாச்சி இன்னைக்கும் தோட்டத்துக்கு வந்திருந்தாக. தொழில்ல அம்புட்டு அக்கறை. கேட்டுக்கங்க, அவுக வாயாலயே சொல்லட்டும்."

"என்ன அண்ணாச்சி, எல்லாம் சரிதான?" என்றார் ஞானசிகாமணி.

நாய் சங்கரலிங்கத்தின் தழும்புக் காலை மோந்து பார்த்தது.

"சரிதான்" என்றார்.

அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து ஞானசெல்வி வந்தாள். கையில் பச்சைப் பட்டுப் பாவாடை, கரையில் ஊசி தொங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் அவ்வளவு சந்தோசம். மாப்பிள்ளையைப் பார்த்து வந்த வெட்கம் பாதி, மீதியெல்லாம் அந்தப் பாவாடைதான். "அண்ணாச்சி, பாக்கியத்துக்குத் தச்சேன். ஒசரம் தெரியாமக் கரை மடிக்காம வச்சிருக்கேன். நீங்க பிள்ளையப் பாத்திருக்கீகல்ல? எம்புட்டு ஒசரம் இருப்பா?"

கடையில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பொன்னுராஜும் பார்த்தான். சங்கரலிங்கத்தின் வலது கை மெல்ல எழுந்து, இடுப்புக்குச் சற்று மேலே, காற்றில் நின்றது.

"இம்புட்டு."

ஞானசெல்வி பாவாடையை அந்தக் கைக்கு நேரே பிடித்து அளவு பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த சங்கரலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. சந்தனம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஜீப் தெருமுனையில் வந்து நின்றுகொண்டிருப்பதை அவளும் பார்த்திருந்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "எம்புட்டு ஒசரம்னு காட்டுனீக?" என்று கேட்டாள். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். விடிந்ததும் துவைத்த சட்டை ஒன்றை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். "எங்க போறதா இருந்தாலும் இதப் போட்டுட்டுப் போங்க" என்றாள்.

கோயில் கேட்டில் ஜீப். ஜீப்பில் கட்டிய நாய் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றது. சுவரோடு சுவராக ஒட்டி உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் வேதக்கோயிலுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. எப்போது எழுந்திருக்கிறார்கள், எப்போது முழங்கால் போடுகிறார்கள் என்று ஒன்றும் தெரியாமல் பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். முன் பெஞ்சில் பொன்னுராஜின் படிய வாரிய தலை தெரிந்தது. பெண்கள் பக்கம் ஞானசெல்வி முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐயர் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று நிறுத்தினார்.

சங்கரலிங்கம் எழுந்திருக்க நினைத்தார். சந்தனம்மாள் குழாயடியில் குனிந்து குடம் எடுப்பது கண்ணில் வந்தது. போதும், நமக்கெதுக்கு, இன்னும் ஒரு நொடியில் ஐயர் அடுத்ததற்குப் போய்விடுவார், நம்மால் முடியாது என்று நினைத்தார். பயம் முற்றினால் அவர் கை பொடி டப்பாவுக்குப் போகும். அன்றைக்கும் போயிற்று. நடுங்குகிற கையில் மூடி தெறித்து, பொடி முழுக்க மடியிலும் முகத்திலும் கொட்டிவிட்டது. இருபது வருசமாகத் தும்மலே அறியாத அந்த மூக்கு, அத்தனை அமைதியில், கூரை அதிரத் தும்மியது. நல்ல காரியத்தில் தும்மல். கிறிஸ்தவர்களுக்குச் சகுனம் கிடையாதுதான். ஆனாலும் கோயிலே திரும்பிப் பார்த்தது.

"யாரு? ஏதாவது சொல்லணுமா?" என்றார் ஐயர்.

எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. பொன்னுராஜ் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"அங்கன..." என்றார் சங்கரலிங்கம். "அங்கன அவருக்கு... பெண்ணு இருக்கு."

பயத்தில் டீக்கடைக்காரர் சொன்ன வார்த்தையே வந்துவிட்டது. பெஞ்சுகளில் சிரிப்பு ஓடியது. "மக இருக்குறது எங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி, ஒக்காருங்க" என்றார் ஞானசிகாமணி கோபமாக. பொன்னுராஜ் தலையை ஆட்டிக்கொண்டு முன்னால் திரும்பிவிட்டான். அவன் கதையை அந்தச் சொல் இன்னொரு தடவை காப்பாற்றப் பார்த்தது. சங்கரலிங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையோடுதான் குரலும் வந்தது.

"மக இல்ல. மலையாளத்துல பெண்ணுன்னா பொண்டாட்டி. கழுத்துல தாலியோட உசுரோட இருக்காக. மொத தடவ நான் தண்ணி குடிச்சேன்னு சொன்னது பொய். நாய்க்குப் பயந்து ஓடியாந்துட்டேன். நேத்துத்தான் குடிச்சேன். அந்தம்மாதான் குடுத்தாக."

தண்ணி குடித்தது பொய் என்று விசாரிப்பு சங்கரலிங்கம் தன் வாயால் சொன்ன பிறகு, மற்றதை யாரும் சந்தேகப்படவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஞானசெல்வி எழுந்தாள். மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை.

"அப்ப பாக்கியம்?" என்று கேட்டாள்.

சங்கரலிங்கத்தின் கை தானாக இடுப்பு உயரத்துக்கு எழுந்து, கீழே விழுந்தது. "நான் நேத்துக் காட்டுன ஒசரத்துல அங்கன யாருமே இல்ல தாயி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை பொய் என்றபோது வராத கண்ணீர், அந்தப் பிள்ளை பொய் என்றபோது வந்தது. பொன்னுராஜ் பக்கத்து வாசல் வழியாக நடந்தான். ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஆராதனை முடிந்து படியில் நின்ற ஞானசிகாமணிக்கு, மகளை மீட்ட ஆளைக் கும்பிடுவதா அறைவதா என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஞானசெல்விதான் கேட்டாள்.

"எனக்குச் சொல்லிட்டீக. அந்தம்மாவுக்கு யாரு சொல்றது?"

"அது நமக்கெதுக்கும்மா" என்றார் தகப்பனார்.

"அண்ணாச்சிக்குத் தண்ணி குடுத்தாகல்ல" என்றாள் அவள்.

செவ்வாய்க்கிழமை சங்கரலிங்கம் மறுபடியும் மலை ஏறினார். பொன்னுராஜ் இன்னும் வீட்டுக்குத் திரும்பவில்லை என்று டீக்கடையில் தெரிந்தது. எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதும் அதற்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பாறையைப் பார்த்துப் பார்த்து ஏறினார். நாயைக் காணோம். "ஆரா?" என்று கேட்டுக்கொண்டு ஏலியாம்மா வெளியே வந்தாள். ஆளைக் கண்டதும் சிரித்து, கேட்பதற்கு முன்பே உள்ளே போய்ச் செம்பை எடுத்துவந்து நீட்டினாள். சார் இன்னும் வரவில்லை, கீழே எங்கேயாவது பார்த்தீர்களா என்று கேட்டாள்.

அத்தனை வருசத்தில் எந்த வாசலிலும் தான் யார் என்று அவர் உண்மை சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். அந்தச் சிரித்த முகத்தை ஏறிட்டுப் பார்க்க, நாயின் முன்னால் நின்றதைவிடப் பயமாக இருந்தது. தண்ணி தீர்ந்தால் பேச வேண்டும். சங்கரலிங்கம் செம்பை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு வாயாக, மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தார்.